ஓய்வூதிய நிதி தீர்ந்துபோனால் நான் கட்டிய பணம் என்ன ஆகும்?

கேள்வி: எனக்கு வயது 41. பதினேழு ஆண்டுகளாகச் சம்பளத்தில் ஓய்வூதியச் சந்தா பிடிக்கிறார்கள். முதியோர் பெருகுவதால், நான் ஓய்வு பெறுவதற்குள் நிதி காலியாகிவிடும் என்கிறார்கள். கட்டியதெல்லாம் வீண்தானா?

பதில்: வீண் இல்லை. உங்கள் சந்தா ஒரு பெட்டியில் உங்கள் பெயரெழுதிப் பூட்டப்பட்டிருப்பதாக நினைப்பதால்தான் இந்தப் பயம் வருகிறது. பெரும்பாலான பொது ஓய்வூதியத் திட்டங்களில், இன்று நீங்கள் கட்டும் பணத்தின் பெரும்பகுதி இன்றைய முதியவர்களுக்கே போய்விடுகிறது. அமெரிக்காவில் 1940 ஜனவரியில் முதல் மாதாந்தர ஓய்வூதியக் காசோலையைப் பெற்ற ஐடா மே ஃபுல்லர், அதுவரை கட்டியிருந்த வரி மொத்தமே 24.75 டாலர். முதல் காசோலை 22.54 டாலர்! அவர் 100 வயது வரை வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் அவருக்குப் படியளந்தவர்கள், அப்போது வேலையில் இருந்தவர்கள்.

எனவே கணக்கைத் தீர்மானிப்பது ஆள் எண்ணிக்கை. சராசரிச் சம்பளம் 100, ஓய்வூதியம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முதியவருக்கு நான்கு பேர் உழைத்தால் ஆளுக்கு 12.50 கட்ட வேண்டும். இரண்டே பேர் என்றால் 25. சந்தாவை ஏற்ற மறுத்தால் முதியவரின் ஓய்வூதியம் 25 ஆகச் சுருங்கும். ‘நிதி தீரும்’ என்ற செய்தி பெரும்பாலும் சேமிப்புக் கையிருப்பைப் பற்றியது. அது தீர்ந்தாலும் மாதச் சந்தா வந்துகொண்டிருக்கும். ஓய்வூதியம் குறையலாம், அடியோடு நின்றுவிடாது.

‘அவரவர் பணத்தை அவரவரே சேர்த்துக்கொண்டால் சிக்கல் தீராதா?’ என்று பலர் கேட்கிறார்கள். முழுதாகத் தீராது. முதுமையில் உங்களுக்கு வேண்டிய மருந்தையும் மின்சாரத்தையும் செவிலியரின் கவனிப்பையும் அன்றைக்கு உழைப்பவர்கள்தான் தர வேண்டும். அவர்கள் மிகக் குறைவாக இருந்தால் சேர்த்த பணத்துக்கு மதிப்புக் குறையும். அதனால்தான் பெண்கள் வேலையில் நீடிக்க வழிசெய்வதும் உற்பத்தித் திறனை உயர்த்துவதும் ஓய்வூதியக் கொள்கையின் பகுதி என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

கனடா 1997இல் சீர்திருத்தம் செய்து, சந்தாவைப் படிப்படியாக உயர்த்தி 2003இல் 9.9 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. கையிருப்பை முதலீடு செய்யத் தனி வாரியமும் அமைத்தது. ஜப்பான் 2004இல் வேறு வழியில் போனது: சந்தாவுக்கு 18.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து, ஓய்வூதிய உயர்வை மெதுவாக்கியது. இரண்டிலும் யாரோ சுமந்தார்கள். ஆனால் முன்கூட்டியே அறிவித்ததால் மக்கள் தயாராக முடிந்தது. தள்ளிப்போடுவதுதான் கொடுமை: 60 வயதுக்காரரிடம் திடீரென்று விதியை மாற்றினால் அவர் என்ன செய்வார்? ஓய்வு வயதை உயர்த்துவது பயன் தரும் வழிதான். என்றாலும் சுமை தூக்கி உடம்பு தேய்ந்தவருக்கும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கும் ஒரே வயதை வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஓய்வூதியம் ஓரளவு குறைந்தே வரும் என்று வைத்து, அந்த இடைவெளிக்கு இப்போதே தனியாகச் சேமியுங்கள். உங்கள் திட்டத்தில் ஓய்வைத் தள்ளிப்போட்டால் தொகை கூடுமா என்று கேளுங்கள். அதற்கெல்லாம் முன், சந்தாப் பதிவை வரவழைத்து மாதம் மாதமாகச் சரிபாருங்கள். வேலை மாறும்போதும் பெயரில் ஓர் எழுத்துப் பிசகும்போதும் சில மாதங்கள் விடுபட்டுப்போகலாம். பழைய சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். விடுபட்ட மாதத்தைச் சேர்க்கச் சொல்லி நீங்கள் நிற்கும்போது சாட்சி அவைதான்.