வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவிடம்: எந்த இலவசக் கருவி உதவும்?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 38 பிள்ளைகள். "ஆசிரியர்களுக்கான 50 இலவச இணையதளங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு பட்டியல் வருகிறது. நாலைந்தைத் திறந்து பார்த்தேன். ஒன்று லாகின் கேட்கிறது, இன்னொன்று சில நாள் கழித்துப் பணம் கேட்கிறது. பிள்ளைகளிடம் தனி போன் கிடையாது. வீட்டுக்கு ஒன்று, அதுவும் அப்பா வேலை முடிந்து ராத்திரி வந்தால்தான் கிடைக்கும். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, ஆனால் நெட் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? வினாத்தாள் டைப் செய்யவும் ஏதாவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள், டீச்சர். புதிதாக எந்தக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் முதலில் ஒன்றை மட்டும் பாருங்கள்: இதற்கு எத்தனை போன் வேண்டும்? பிள்ளைக்கு ஒன்று வேண்டும் என்றால் அது உங்கள் வகுப்புக்கு ஆகாது. கஹூட் நல்ல வினாடி வினா விளையாட்டுதான், பட்டியலில் எல்லாம் முதலில் நிற்கும், ஆனால் ஒவ்வொரு பிள்ளையோ குழுவோ கையில் ஒரு திரையை வைத்திருந்தால்தான் ஓடும். உங்கள் ஒரு போனோ லேப்பில் ஒரு கம்ப்யூட்டரோ போதும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சலித்தால் ஐம்பதில் நாலைந்துதான் மிஞ்சும். மிஞ்சுகிற நாலைந்தும் நல்லவை.

அறிவியலுக்கு முதலில் ஃபெட். ஆங்கிலத்தில் பி, ஹெச், இ, டி என்று அடித்துத் தேடுங்கள். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது. திரையில் நாமே இழுத்து, மாற்றி, சோதித்துப் பார்க்கிற சோதனைகள். பலவற்றைத் தன்னார்வலர்கள் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு முக்கியமான சங்கதி வேறு. ஒவ்வொரு சோதனையையும் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். நெட் வருகிற நாளில் இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டால், வராத நாளில் பிரவுசரில் திறந்துவிடலாம். எதையும் நிறுவ வேண்டாம் என்பதால் லேப்பில் அனுமதி கேட்டு அலையவும் வேண்டாம்.

மின்னோட்டப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நேர்திசை மின்சுற்று அமைக்கும் சோதனையைத் திறந்து ஒரு பேட்டரி, ஒரு பல்பு, கம்பிகள் இழுத்துச் சேருங்கள். பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று வைத்துக்கொண்டால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். கம்பிக்குள் நீல உருண்டைகளாக எலக்ட்ரான் ஓடுவதும் தெரியும். இப்போது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்: "இதே வரிசையில் இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு என்னவாகும்?" கை தூக்கச் சொல்லுங்கள், எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுங்கள், அப்புறம்தான் சேர்க்க வேண்டும். தொடரிணைப்பில் மின்னோட்டம் 0.45 ஆம்பியராகக் குறையும். "பாதி வெளிச்சம்" என்று சொன்ன பிள்ளைகள் வெற்றி பெற்றதாக நினைப்பார்கள். ஆனால் பல்பு அதைவிட மங்கலாக எரியும். மின்னோட்டம் பாதியானால், அதன் இருமடியைப் பொறுத்த திறன் கால்வாசியாகிவிடுகிறது, 8.1 வாட்டிலிருந்து சுமார் 2 வாட்டுக்கு. இந்த இடத்தில் வகுப்பில் எழுகிற சத்தத்துக்காகவே நான் இந்தச் சோதனையை ஆசிரியர் பயிற்சிகளில் முதலில் காட்டுவேன்.

கடைசியாக ஒரு கம்பியை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையையும் நேராக இணைத்துவிடுங்கள். திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். குறுக்குச்சுற்று என்ற சொல்லை அதன் பிறகு பிள்ளைகளுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்காது. நிஜ ஒயரில் முயன்று பார்க்கக் கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பிளிக்கர்ஸ் என்ற செயலி. 38 பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் புரிந்தது என்று அந்த நிமிடமே தெரிய இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் காகிதத்தில் அச்சடித்த ஓர் அட்டை இருக்கும். அதில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கட்டம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி. விடை பி என்றால் பி உள்ள பக்கம் மேலே வருகிற மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று உங்கள் திரையில் வந்துவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு வடிவம், எழுத்தும் பொடி எழுத்து. அதனால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதும் வேலை நடக்காது. வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

இதில் சில கைப்பக்குவம் உண்டு. வழக்கமான தொகுப்பில் 40 அட்டை இருக்கும், உங்கள் வகுப்புக்குச் சரியாக வரும். அட்டை எண்ணையே வருகை எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கெட்டித் தாளில் அச்சடியுங்கள், ஆனால் பளபளப்பாக லேமினேட் செய்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவுக்குக் கோடு தெரியாது. விரல் கட்டத்தை மறைத்தாலும் அதே கதை, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்குள் போடும் கேள்விகளுக்கு வரம்பு உண்டு. ஒரு பாடவேளையில் மூன்று நாலு கேள்விக்கு மேல் கேட்கப்போவதில்லை என்பதால் அது இடைஞ்சலாக இருக்காது. உங்கள் போனில் மட்டும் நெட் வேண்டும். அது பள்ளி நெட்டாக இருக்க வேண்டியதில்லை.

பெயர் சேர்க்கச் சொல்லும் இடத்தில் பிள்ளையின் முழுப்பெயரைக் கொடுக்காதீர்கள், எண் போதும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாள பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எண்), ஆதார், பிறந்த தேதி எதையும் இந்த மாதிரித் தளங்களில் ஏற்ற வேண்டாம். மதிப்பெண் பட்டியலை பிடிஎஃப் ஆக்கித் தருகிறேன் என்று சொல்லும் தளங்களுக்கும் இது பொருந்தும். கோப்பு அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

வீட்டிலிருந்து செய்கிற மாதிரி ஒன்று வேண்டுமென்றால் கூகுள் ஃபார்ம்ஸ். ராத்திரி எட்டரைக்கு அப்பா போனில் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் ஒரு சின்னத் தேர்வை முடித்துவிடலாம். இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். முதன்முதலாக ஒரு பள்ளிக்குத் தேர்வு தயாரித்துக் கொடுத்தபோது, ஈமெயில் சேகரிப்பு, ஒருவருக்கு ஒரு பதில்தான் என்று கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஆன் செய்திருந்தேன். நாற்பது பேரில் பதினோரு பேர்தான் எழுதினார்கள். வந்த பதினொன்றிலும் ஈமெயில் எல்லாம் அப்பாக்களுடையது. யார் எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க வகுப்பாசிரியரை இரண்டு நாள் தொந்தரவு செய்தேன். மற்ற பிள்ளைகளிடம் கேட்டால், "லாகின் கேட்டுச்சு சார், அப்பா வேண்டாம்னுட்டார்" என்றார்கள். அப்பாவைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே அமைப்புகளில் போய் வினாடி வினாவாக மாற்றிக்கொண்டு, ஈமெயில் சேகரிப்பதை நிறுத்துங்கள். ஒரே பதில் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். கோப்பு ஏற்றச் சொல்லும் கேள்வியும் வேண்டாம், அதுவும் லாகின் கேட்கும். முதல் கேள்வி வருகை எண், 1 முதல் 38 வரை உள்ள எண்ணை மட்டும் ஏற்கும்படி வைத்துவிடலாம். ஒரு பிள்ளை இரண்டு முறை எழுதினால் எழுதட்டும், முதல் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் சரியான விடையைக் காட்டும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் முதலில் எழுதியவர் ஸ்கிரீன்ஷாட் ஒன்பது மணிக்கெல்லாம் ஊர் சுற்றிவிடும்.

தமிழ் வழி வகுப்புக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓரிரு சொல்லில் விடை எழுதும் கேள்வி வைத்தால், நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் மதிப்பெண். நீங்கள் "மின்தடை" என்று கொடுத்து, பிள்ளை "மின் தடை" என்று இடம் விட்டு அடித்தால் பூஜ்யம். நாலு விதமாக எழுதக்கூடிய சொல்லுக்கு நாலு விடையையும் சேர்த்து வைக்கலாம்தான், ஆனால் அந்தச் சிரமத்துக்குப் பதில் தேர்ந்தெடுக்கும் கேள்வியாகவே வைத்துவிடுவது உத்தமம்.

சரி, வினாத்தாளுக்கு வருவோம். தமிழில் தட்டச்சு தெரியாதது ஒரு குறையே இல்லை இப்போது. கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் குரல் தட்டச்சைத் தேர்ந்து, மொழியைத் தமிழ் இந்தியா என்று மாற்றிவிட்டு வாசியுங்கள். போனில் என்றால் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் உள்ள மைக். வழக்கமான பேச்சு வேகத்திலேயே வாசிக்கலாம். நிறுத்தக்குறி, கேள்விக்குறியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வேதி வாய்பாடுகளை வாயால் சொல்லிப் பயனில்லை, இடம் விட்டுவிட்டுக் கடைசியில் கையால் அடியுங்கள். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் டீ கேட்டால் அதுவும் மூன்றாவது கேள்விக்குள் போய்விடும்.

பழைய வினாத்தாள் காகிதமாக இருக்கிறதா? வெளிச்சத்தில் நேராகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுங்கள். படத்துக்குக் கீழே எழுத்தாக வந்து நிற்கும். தமிழை நன்றாகவே படிக்கிறது. அட்டவணையும் சமன்பாடும் கலைந்துவிடும், துணைக்காலையும் ரகரத்தையும் அங்கங்கே மாற்றிப் போடும். ஆனாலும் முழுதாக அடிப்பதற்குத் திருத்துவது மேல். பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தரகோலமாகத் தெரிகிறதென்றால் அது பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. என்ஹெச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஓர் இலவச மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள், ஒரேயடியாக.

சாட்ஜிபிடி, ஜெமினியிடம் கேள்வி தயாரிக்கச் சொல்லலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சொல்லலாம், பாடப் பகுதியை ஒட்டிக் கொடுத்துவிட்டு "இதிலிருந்து மட்டும்" என்று கேளுங்கள். வருகிற விடைகளை ஒவ்வொன்றாக நீங்கள் போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது, கணக்கில் தைரியமாகத் தப்புச் செய்யும். கலைச்சொல்லையும் கவனியுங்கள். நம் புத்தகத்தில் ஒளிவிலகல், ஹைட்ரஜன். இலங்கைப் பாடநூல்களில் அதுவே ஒளி முறிவு, ஐதரசன். இரண்டும் சரியான தமிழ்தான், ஆனால் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை "முறிவு" என்றதும் எலும்பை நினைத்துக்கொள்ளும். ஃபெட் மொழிபெயர்ப்புகளிலும் இப்படி நம் புத்தகத்தில் இல்லாத சொற்கள் வரும், முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

உங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியருக்கு ஜியோஜீப்ரா என்று ஒரு பெயரை மட்டும் சொல்லுங்கள். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் மாணவராக இருந்தபோது தொடங்கியது, பள்ளிப் பயன்பாட்டுக்கு இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். இருபடிச் சமன்பாட்டில் x²-இன் கெழுவை ஒரு சறுக்கியில் வைத்து 1-இலிருந்து −1 வரை இழுத்தால் பரவளையம் விரிந்து, நேர்கோடாகி, தலைகீழாகக் கவிழ்வது தெரியும். தமிழாசிரியருக்கு மதுரைத் திட்டம். 1998 முதல், சங்க இலக்கியம் தொடங்கித் தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறார்கள். கூடவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடுகளுக்கு தீக்ஷா செயலி இருக்கிறது. வீடியோக்களை செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் தரம் ஒரே சீராக இல்லை, சிலது அருமை, சிலது புத்தகத்தை வாசிப்பதோடு சரி. போட்டுப் பார்க்காமல் வகுப்பில் ஓட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் இந்த மாதமே ஆரம்பிக்க வேண்டாம். ஃபெட்டில் ஒரு சோதனை, அதற்கு பிளிக்கர்ஸில் மூன்று கேள்வி, அவ்வளவுதான். ஃபெட் கோப்புகள், பாடநூல் பிடிஎஃப், ஜியோஜீப்ரா எல்லாவற்றையும் பென்டிரைவில் "நெட் இல்லாத நாள்" என்று ஒரு ஃபோல்டராகப் போட்டுவையுங்கள். அதற்கு இன்னொரு நகல் எடுத்து தலைமையாசிரியர் அறை பீரோவில் வைத்துவிடுங்கள். என்னுடையதை ஒருமுறை பேன்ட் பாக்கெட்டோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன்.