கேள்வி பதில்: நிற்காத ரயில்

கேள்வி: அமெரிக்காவில் ரயிலால் வளர்ந்த சிற்றூர்கள் பல இன்று ஆளில்லாமல் கிடக்கின்றனவாமே? ரயில் இன்னும் ஓடும்போது ஊர் ஏன் காலியாக வேண்டும்?

பதில்: ரயில் ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

மேற்கு வர்ஜீனியாவில் தர்மண்ட் என்று ஓர் ஊர். மலைக்கும் நியூ ரிவர் ஆற்றுக்கும் நடுவே ஒரு கீற்று நிலம். தண்டவாளம் போட்டது போக மிச்சமிருந்த இடத்தில்தான் ஊரே. கடைவீதி என்று தனியாக ஒன்று கிடையாது. வங்கிப் படியில் இறங்கினால் எதிரே தண்டவாளம். செசபீக் அண்ட் ஒஹாயோ கம்பெனியின் பாதை 1873-ல் வந்தது. சுற்றுவட்டாரச் சுரங்கக் கரி எல்லாம் இங்கே சேர்ந்துதான் வெளியூர் போகும். 1921 வரை ஊருக்கு ரோடே இல்லை என்றால் பாருங்கள்.

ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரர், ஊருக்கே பெயர் தந்த கேப்டன் தர்மண்ட் கண்டிப்பானவர். தன் எல்லைக்குள் மது கூடாது என்றுவிட்டார். கும்மாளமெல்லாம் அக்கரையில், டன் க்ளென் ஹோட்டலில். அங்கே ஒரு சீட்டாட்டம் 14 வருஷம் விடாமல் நடந்ததாகச் சொல்வார்கள். நம்புவது உங்கள் பாடு. அப்படிக் கதை கட்டுகிற அளவுக்குக் காசு புரண்டிருக்கிறது.

சரி, இந்த ஊர் எப்படிப் படுத்தது? நான் சில வருஷம் நீராவி இன்ஜினில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்தவன். அது கைக்குழந்தை மாதிரி. தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி ஏற்ற வேண்டும், சாம்பல் தட்ட வேண்டும், சக்கரம் வழுக்காமலிருக்க மணல் நிரப்ப வேண்டும். டியூட்டி முடிந்து இறங்கும்போது பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். இந்த வேலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு வீடு, சாப்பாடு, சவரக்கடை வேண்டும். தர்மண்ட் அதில் பிழைத்த ஊர்.

1930-ல் ஹோட்டல் எரிந்தது. பொருளாதார மந்தம் வந்தது. கார் வந்ததும் ஜனம் ரோட்டுப் பக்கம் போனது. இதையெல்லாம்கூடத் தாங்கியிருக்கும். அப்புறம் டீசல் இன்ஜின் வந்ததே, அதை மட்டும் தாங்க முடியவில்லை. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், கரியும் வேண்டாம். தர்மண்டில் அதற்கு என்ன வேலை?

2020 கணக்கெடுப்பில் ஊர் ஜனத்தொகை 5. கரி ஏற்றும் கான்கிரீட் கோபுரம் இன்னும் நிற்கிறது. 1904-ல் கட்டிய ஸ்டேஷனைத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. வாரத்தில் மூன்று நாள் 'கார்டினல்' என்ற பயணி ரயில் அந்த வழியே போகிறது. யாராவது முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தால் நிற்கும்.