ஆரஞ்சு விளக்கு எரிகிறது, கழற்றலாமா?

கேள்வி: ஐயா, சிவகாசியில் சின்ன ஆப்செட் அச்சகம் நடத்துகிறோம். டிசைன் ஃபைல்கள் எல்லாம் ஒரே சர்வரில். 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் நான்கு, ரெய்டு 5. முந்தாநாளிலிருந்து சர்வர் பீப் பீப் என்று கத்துகிறது. ஒரு டிஸ்க்கில் மட்டும் ஆரஞ்சு விளக்கு, திரையில் 'டிகிரேடட்'. ஆனால் ஃபைல்கள் திறக்கின்றன. ஆடிப்பெருக்குக்குள் காலண்டர் ஆல்பம் முடிய வேண்டும். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்கிறார் அண்ணன். புது டிஸ்க் வாங்கி நானே மாற்றலாமா? அதே கம்பெனிதான் வேண்டுமா? பழையதைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?
- அச்சக வாசகி, சிவகாசி

பதில்: நீங்களே மாற்றலாம். ஆனால் அண்ணனை அந்த ஸ்விட்ச் பக்கம் போகவிடாதீர்கள். வயதான டிஸ்க் ஓடுகிறவரை ஓடும். நிறுத்தி, ஆறவிட்டு, திரும்பக் கிளப்பும்போது இன்னொன்றும் எழுந்திருக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று செத்தும் ஃபைல் எப்படித் திறக்கிறது என்று தோன்றும். மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் தொகை, அடியில் கூட்டுத்தொகை. ஒரு தொகையில் காபி கொட்டி அழிந்தால், மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு அழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நான்கு டிஸ்க்கையும் ஒன்றாகக் கோத்து வைக்கும் ரெய்டு 5 செய்வதும் இதே வேலைதான். உள்ளே நடப்பது கூட்டல் இல்லை, எக்ஸ்-ஆர் என்ற கணக்கு. கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இருக்காது, நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். அதனால்தான் 16 டெராபைட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு 12தான் பயன்படுத்துகிறீர்கள். இப்போது உங்கள் சர்வர் காணாமல் போன துண்டுகளைக் கழித்துக் கழித்துத்தான் ஃபைலைத் திறந்து காட்டுகிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன், ஆல்பம் ஃபைல்களை ஒரு வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இன்றைக்கே. புது டிஸ்க்கை நிரப்ப, மிச்சம் மூன்றையும் சர்வர் முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்) கடைசி வரை படிக்கும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலே 4 டெராபைட்டுக்கு ஏழரை மணி நேரம் ஆகும், அதுவும் யாரும் வேலை செய்யாமல் இருந்தால். அந்த மூன்றும் செத்ததோடு ஒரே நாளில், அநேகமாக ஒரே பெட்டியில் வாங்கியவை. அவற்றுக்கும் அதே வயசு.

பெரும்பாலும் கம்பெனி எதுவாகவும் இருக்கலாம், கொள்ளளவு குறையக் கூடாது. கூடுதலாக இருந்தால் மிச்சம் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் மலிவாக இருக்கிறதென்று வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போடாதீர்கள். அது ஒரு செக்டர் படிக்கவில்லை என்றால் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். டிஸ்க்குகளை மேய்க்கும் கன்ட்ரோலர் பொறுமையிழந்து அதையும் செத்ததாகக் கணக்கு வைத்துவிடும். நாஸ் (நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும் சேமிப்புப் பெட்டி), சர்வர் வகை டிஸ்க்குகள் ஏழு விநாடி போலப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிடும். அதுதான் நமக்கு வேண்டியது. 'சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா' என்றும் கேளுங்கள். சிஎம்ஆரில் எழுதும் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எஸ்எம்ஆரில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சிஎம்ஆர் வாங்குங்கள். நாஸ் என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள்: வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே சிலது எஸ்எம்ஆர் என்று 2020இல்தான் வெளியே தெரிந்தது. எஸ்எம்ஆர் வகையில் ரீபில்டு, அதாவது புது டிஸ்க்கை நிரப்பும் வேலை, நாள்கணக்கில் இழுக்கும்.

இனி கழற்றுவது. இங்கேதான் என் கதை. 2009இல், மதுரையில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். திரையில் 'டிஸ்க் 2' போய்விட்டது என்றிருந்தது. இடமிருந்து இரண்டாவது தட்டை (டிஸ்க் மாட்டிச் செருகும் சட்டம்) கம்பீரமாக உருவினேன். அந்தப் பெட்டியோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. 0, 1, 2. செத்தது மூன்றாவது, என் கையில் இருந்தது நல்லது! நாலு மேஜையிலிருந்தும் "சார், சிஸ்டம் நின்னுபோச்சு". சீனியருக்குப் போன் போட்டேன். "கையை எடு, எதையும் அமுக்காதே" என்றார். அதே தட்டை அதே இடத்தில் செருகி, கன்ட்ரோலர் மெனுவில் அதை வலுக்கட்டாயமாக ஆன்லைனுக்குக் கொண்டுவந்து, ஃபைல் சிஸ்டம் செக் முடியும்போது விடிகாலை மூன்று மணி. டேட்டா பிழைத்தது. எனக்கு அந்த மாத இன்சென்டிவ் போயிற்று.

ஆகவே விளக்கை மட்டும் நம்பாதீர்கள். மேனேஜ்மென்ட் திரையில் செத்த டிஸ்க்கின் சீரியல் நம்பர் இருக்கும், கடைசி நான்கு எழுத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். 'லொகேட்' என்ற பொத்தான் இருந்தால் அமுக்குங்கள், அந்தத் தட்டின் விளக்கு சிமிட்டும். பிடியைத் திறந்து ஒரு அங்குலம் மட்டும் இழுத்து அரை நிமிடம் நிறுத்துங்கள், டிஸ்க்குக்குள் வட்டத் தகடு சுற்றிக்கொண்டிருக்கலாம். பிறகு முழுதாக எடுத்து, ஸ்டிக்கரில் உள்ள நம்பரை உங்கள் கையோடு ஒப்பிடுங்கள். நாலு ஸ்க்ரூ கழற்றி, புதியதை அதே தட்டில் மாட்டி, 'டக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள். தட்டு முன்பக்கமாக உருவுகிற மாதிரி இருந்தால் இதெல்லாம் சர்வர் ஓடும்போதே செய்யலாம். மூடியைத் திறந்து கேபிளைப் பிடுங்கும் வகை என்றால், நகலெடுத்து முடித்த பிறகு ஆஃப் செய்துதான் ஆகவேண்டும்.

பெரும்பாலும் ரீபில்டு தானே ஆரம்பித்துவிடும், சதவீதம் ஏறும். ஆரம்பிக்கவில்லை என்றால் மெனுவில் 'ரீபில்டு' என்பதைத் தேடுங்கள். 'இனிஷியலைஸ்', 'கிரியேட் நியூ' என்று ஏதாவது கேட்டால் பதிலே சொல்லாமல் வெளியே வாருங்கள். அவை பழையதைத் துடைத்துப் புதிதாக வைக்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம், டிசைனர்கள் கிளம்பிய பிறகு ஆரம்பியுங்கள். பீப் சத்தத்துக்கு அதே மெனுவில் 'மியூட்' இருக்கும், அதுவரை காதில் பஞ்சு.

பழைய டிஸ்க்குக்கு வாரன்டி பாக்கியிருக்கிறதா என்று முதலில் சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள், இருந்தால் மாற்றுக் கிடைக்கும். இல்லை என்றாலும் அப்படியே காயலான் கடைக்கு வேண்டாம். நாலில் ஒரு டிஸ்க்தானே, துண்டு துண்டாகத்தானே இருக்கும் என்பார்கள். அந்தத் துண்டுக்குள் ஒரு சின்ன பில்லோ வாடிக்கையாளர் முகவரிப் பட்டியலோ முழுசாக அடங்கிவிடும். பட்டறையில் டிரில்லிங் மெஷின் இருக்குமே, டிஸ்க்கின் வட்டத் தகடு வழியாக மூன்று துளை போட்டுவிட்டு எடைக்குப் போடுங்கள்.