ஈரக் குளிரும் காய்ந்த குளிரும்

வணக்கம் அண்ணா,

நான் ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கிறேன். பெரியம்மாவின் மகன் கனடாவில் ஒரு பனிச்சறுக்கு மலையில் இரவுவேலை செய்கிறார். மெஷினால் ஸ்னோ அடிக்கிற வேலை. போன கிழமை கதைக்கும்போது, "முந்தநாள் மைனஸ் ஒன்று, மெஷினை நிப்பாட்டி வைத்திருந்தோம். நேற்று பிளஸ் ஒன்று, விடிய விடிய அடித்தோம்" என்றார். தண்ணீர் பூச்சியத்தில்தானே உறையும்? என்னைப் பேய்க்காட்டுகிறாரா? மார்கழிக் குளிரில் அந்த மெஷினை இங்கே வைத்தால் கொஞ்சமாவது பனி வருமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அண்ணன் பேய்க்காட்டவில்லை. மைனஸ் ஒன்று இருந்த இரவில் காற்று ஈரமாக, அநேகமாகப் புகார் மூட்டமாக இருந்திருக்கும். பிளஸ் ஒன்றில் நன்றாகக் காய்ந்திருக்கும். அந்த வேலையில் குளிரைவிட முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சோளகக் காலத்தில் உங்கள் வீட்டு மண்பானைத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். மாரியில் அதே பானை அவ்வளவாகக் குளிர்விக்காது. பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது மிச்ச நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காய்ந்த காற்றில் அது வேகமாக நடக்கும், ஈரக் காற்றில் மெதுவாகத்தான் நடக்கும். மெஷினிலிருந்து சிதறும் துளிகளுக்கும் இதே கதைதான். ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோயூல் வெப்பத்தை வெளியே விடவேண்டும். ஒரு கிலோ நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2500 கிலோயூலை இழுத்துக்கொண்டு போகும். அதாவது துளியில் சிறு பங்கு ஆவியானாலே மிச்சம் உறைய அது பெரிய உதவி.

இதை அளக்கும் கருவி உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே இருக்கும், குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி. துணியின் நீர் ஆவியாகிக் குளிர்ந்தபின் அது காட்டுவதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. அது மைனஸ் 2 அளவுக்கு இறங்கினால்தான் மெஷினைத் திறப்பார்கள். வெளியே பிளஸ் 1, ஈரப்பதன் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 3க்கும் கீழே நிற்கும். மைனஸ் 1இல் காற்று நிரம்ப ஈரமாக இருந்தால் அது மைனஸ் 1இலேயே நின்றுவிடும். கணக்குச் சரிதானே?

வன்னியில் மார்கழி இரவு 20 பாகைக்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கும், காற்று முழுக்க ஈரம். ஆகவே வராது. காய்ந்த சோளகத்திலும் வராது: 34 பாகையில் ஈரப்பதன் 50 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 25, 26தான்.

இனி அண்ணனின் கைவேலைக்கு வருவோம். உங்களைவிட இதில் எனக்குத்தான் ஆர்வம் கூட என்று நினைக்கிறேன். குளிர் இருந்துவிட்டால் மட்டும் துளி தானாக உறைந்துவிடாது. சுத்தமான சிறு துளி பூச்சியத்துக்குக் கீழே வெகுதூரம் போனாலும் நீராகவே நிற்கும், உறையத் தொடங்குவதற்கு ஒரு கரு, அதாவது பற்றிக்கொள்ள ஒரு துகள், வேண்டும். அழுத்தத்தில் அடைத்த காற்றைத் திறந்துவிட்டால் அது விரிந்து கடுமையாகக் குளிரும். அதில் நுண்ணிய பனித்துகள்கள் பிறக்கும், மற்றத் துளிகள் அவற்றில் பட்டு உறையும். சில இடங்களில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பற்றீரியாவிலிருந்து எடுத்த புரதத்தை நீரில் கலக்கிறார்கள், கருவுக்காகத்தான்.

பிறகு நீரின் அளவு. ஈரக்குமிழ் எல்லையருகே நிற்கும்போது நீரைக் குறைக்கவேண்டும், குளிர் கூடக்கூட வால்வைத் திறக்கலாம். துளி பெரிதானால் நிலத்தில் விழுமுன் உறையாது, சிறிதானால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இதற்கு மீற்றர் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் பனி விழும் இடத்தில் போய் நின்று, ஜக்கெற் கையை நீட்டிப் பார்ப்பார்கள். மணிகள் பட்டுத் தெறித்தால் காய்ந்த பனி, ஊறி நனைத்தால் நீர் கூட. காற்றுத் திசை மாறினால் மெஷினைத் திருப்பவேண்டும். அசைவில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிடும், மேட்டில் சூடு கூட. அப்போது அடிவாரத்தில் சரியாக இருந்த வால்வு அளவு மேலே பிழையாகிவிடும். இத்தனையையும் இருட்டில், ஐஸில் வழுக்காமல் நடந்து செய்கிறார்கள். ஊரில் இதை 'ஏதோ கூலிவேலை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வேலையின் வரலாறு பெரிதில்லை. 1950இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பனிச்சறுக்குப் பலகை செய்த வெய்ன் பியர்சும் கூட்டாளிகளும் பெயின்ற் அடிக்கும் கம்பிரசர், ஒரு குழாய்வாய், தோட்டத்துக் குழாய் ஆகியவற்றை வைத்து முதலாவது மெஷினைச் செய்தார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் பனியும் ஏறக்குறைய முழுதாகச் செயற்கைதான். அந்த மலைகளில் குளிர் இருக்கிறது, பனிப்பொழிவு மிகக் குறைவு. காற்று காய்ந்தது என்பதால் மெஷினுக்கு அருமையான இடம்.

நீர்தான் என்னை உறுத்துகிறது. ஒரு ஹெக்டேயரை 30 சென்ரிமீற்றர் மூட ஆயிரம் கன மீற்றருக்கும் மேலே, அதாவது பத்து இலட்சம் லீற்றருக்கும் கூட வேண்டும். கோடையில் குளம் வற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த எண் லேசாகப் படாது. பெரும்பகுதி வசந்தத்தில் உருகி ஓடைகளுக்குத் திரும்புகிறது என்பது உண்மை. என்றாலும் குளிர்காலத்தில் மெலிந்து ஓடும் ஓடையிலிருந்து எடுப்பதும், முன்பே குளம் கட்டித் தேக்கி எடுப்பதும் ஒன்றல்ல. அண்ணனின் மலையில் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று அடுத்தமுறை கதைக்கும்போது கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.