நீங்கள் சுற்றிப் பார்த்த லண்டனில் நீங்கள் குடியிருக்கப் போவதில்லை

கேள்வி: நான், மனைவி, மூன்று வயது மகள். எங்கள் நிறுவனம் வியன்னா, லண்டன், டோக்கியோ மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சம்பளம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘வாழத் தகுந்த நகரங்கள்’ பட்டியலில் வியன்னா மேலே இருக்கிறது. லண்டனில் போன ஜூனில் பத்து நாள் இருந்தோம், மிகவும் பிடித்துவிட்டது. டோக்கியோ இப்போது மலிவு என்கிறார்கள். மனைவி கணக்காளர், அங்கேயும் வேலை பார்க்க விரும்புகிறார். இதற்கிடையே ஒருவர், எந்த ஊரானாலும் வீடு பிடித்துத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்கிறார். எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: முதலில், அந்த முன்பணத்தை அனுப்பாதீர்கள். மூன்று ஊர்களில் எது என்றே நீங்கள் முடிவு செய்யாதபோது, அவர் எந்த வீட்டுக்காகப் பணம் கேட்கிறார்? இந்த ஆசாமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன் பட்டியல்.

நீங்கள் பார்த்தது எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும் பட்டியலாக இருக்கும். 173 நகரங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நிலைத்தன்மைக்கு (குற்றமும் கலவரமும் எவ்வளவு குறைவு என்பது) 25 சதவீதம், பண்பாடு மற்றும் சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிட்டது. வாடகை எங்கே? இல்லை. விலைவாசியே அதில் சேர்த்தி இல்லை. உள்ளூர் மொழி தெரியாதவர் என்ன பாடுபடுவார் என்பதற்கும் இடமில்லை.

இது அவர்கள் தப்பு இல்லை. ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் எவ்வளவு ‘சிரமப்படி’ கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட இந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறது. 80 மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் படி தேவையில்லை, 50க்குக் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம் என்று பரிந்துரையே உண்டு. அதாவது உங்கள் கம்பெனி கணக்குப் பிரிவின் கேள்விக்கான பதிலை, உங்கள் குடும்பத்தின் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டும் முதலிடம் வியன்னாவுக்கு. 2025இல் கோபன்ஹேகன் முந்திவிட்டது. ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு வந்த குண்டு மிரட்டல் போன்ற காரணங்களால் வியன்னாவின் நிலைத்தன்மை மதிப்பெண் இறங்கியதுதான் காரணம். அதனால் அங்கே ஒரு வீட்டின் வாடகையாவது குறைந்ததா?

விலைவாசிப் பட்டியல்களும் இதே கதைதான். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியலில் 2013 முதல் 2015 வரை உலகிலேயே செலவு மிகுந்த நகரம் அங்கோலாவின் லுவாண்டா. அங்கே வாழும் சாதாரண மக்களின் செலவை வைத்துப் போட்ட கணக்கல்ல அது. காவலாளி வைத்த குடியிருப்பில் தங்கி, இறக்குமதிப் பொருள் வாங்கும் வெளிநாட்டு அதிகாரியின் செலவு. டோக்கியோ மலிவு என்பதும் அப்படித்தான். யென் மதிப்பு விழுந்ததால், டாலரை மாற்றிச் செலவழிக்கும் பயணிக்கு அது மலிவு. உங்களுக்குச் சம்பளமே யென்னில் வந்தால் அந்த மலிவில் உங்களுக்குப் பங்கில்லை.

சரி, லண்டன். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு 9.20 ஆகும். சாப்பிட்டுவிட்டுத் தேம்ஸ் கரையில் நடந்திருப்பீர்கள், இன்னும் வெளிச்சம் இருந்திருக்கும். அதே ஊரில் டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது தெருவிளக்கு எரியும். பயணிகள் தங்குவது பெரும்பாலும் ரயில் கட்டணக் கணக்கில் மண்டலம் ஒன்று எனப்படும் நகர மையத்தில். குடும்பத்தோடு குடியேறுபவர்கள் வீடு தேடுவது மண்டலம் நான்கு, ஐந்து என்று தள்ளித்தான். இரண்டுக்கும் பெயர் ஒன்று, அவ்வளவுதான். வியன்னாவின் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு உதாரணம். கடைகள் எல்லாம் அடைத்திருக்கும். பயணிக்கு அந்த அமைதி பிடிக்கும். வீட்டில் பால் தீர்ந்துபோன குடும்பத்துக்கு, பெரிய ரயில் நிலையத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, மனைவி வேலை பார்க்க விரும்புகிறார் என்பது. எந்தப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. லண்டனில் திறன்பணியாளர் விசாவில் போகிறவரின் துணைவர் ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். வியன்னாவிலும் சிவப்பு-வெள்ளை-சிவப்பு அட்டை (வெளிநாட்டுப் பணியாளருக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைவருக்கு வேலைச் சந்தை திறந்தே இருக்கிறது. ஆனால் ஜெர்மன் தெரியாமல் கணக்காளர் வேலை என்பது கதவு திறந்திருந்தும் படி இல்லாத வீடு மாதிரி. டோக்கியோவில் சார்ந்திருப்போர் விசாவில் போகிறவர் தனியாக அனுமதி வாங்கினால்கூட வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு இதுவரை நடக்கவில்லை என்றால் இன்றைக்கே நடத்திவிடுங்கள்.

லண்டனுக்கு இன்னொரு மறைவுச் செலவு உண்டு. விசா விண்ணப்பத்தோடு அரசு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும்: பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. மூன்று ஆண்டு விசா என்றால் மூன்று ஆண்டுக்கும் முன்கூட்டியே. உங்கள் மூவருக்கும் 8,538 பவுண்டு, விமானம் ஏறுவதற்கு முன்பே. அதற்கப்புறம் அதே மருத்துவச் சேவைக்கும் பணம் போகும் வரியும் தேசியக் காப்பீடும் சம்பளத்திலிருந்து தனியாகப் பிடிப்பார்கள். ஒரே மருத்துவமனைக்கு இரண்டு முறை பணம் வாங்குவதில் எந்த அமைச்சருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது இடைத்தரகர்கள். இருபது வருடமாக ஊர் மாறுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். வந்த அழுகைகளில் பாதி வீட்டு முன்பணத்தால் வந்தது. மோசடி எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். படங்கள் அழகாக இருக்கும், வாடகை சந்தையைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வீட்டுக்காரர் ‘வெளிநாட்டில் வேலையாக’ இருப்பார். சாவியைக் கூரியரில் அனுப்புவார், பணம் மட்டும் முதலில் வர வேண்டும். பிரபலமான தங்குமிட இணையதளத்தின் பெயரில் ஒரு போலிப் பக்கமும் காட்டுவார். நேரில் பார்க்காத வீட்டுக்கு, கையெழுத்தாகாத ஒப்பந்தத்துக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். முதல் மாதம் தற்காலிகமாகத் தங்க நிறுவனம் ஏற்பாடு செய்யட்டும்.

வியன்னாவில் சட்டப்படி நடப்பது போலவே தோன்றும் ஒரு பொறி உண்டு: ‘ஆப்லோசே’. காலி செய்து போகிறவர் விட்டுப்போகும் சமையலறை அலமாரி, அடுப்பு முதலியவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. நியாயமான மதிப்புக்கு வாங்கினால் தவறில்லை. என் முதல் வியன்னா வீட்டில் ஒரு அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது, அடுப்பின் நான்கு தட்டில் இரண்டுதான் சூடேறும்; அதற்கு 3,000 யூரோ எண்ணிக் கொடுத்தேன். மதிப்புக்கு மீறி வாங்கியதைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நீங்கள் சாமான்களைப் படம் எடுத்து, விலையோடு பட்டியல் எழுதி வாங்குங்கள். தரகுக் கூலியும் அப்படித்தான். 2023 ஜூலை 1 முதல் ஆஸ்திரியாவில் தரகரை அமர்த்தியவர்தான் கூலி கொடுக்க வேண்டும். அதனால் சிலர் இப்போது ‘பதிவுக் கட்டணம்’ என்று பெயரை மாற்றிக் கேட்கிறார்கள்.

வீடு பார்க்க வைப்பதற்கே பணம், திரும்ப வராத பணம், ரசீதில் விளக்கமில்லாத பணம் எதைக் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள் என்பதுதான் என் வழக்கமான அறிவுரை. இதற்கு டோக்கியோ மட்டும் விலக்கு. அங்கே ‘ரெய்கின்’ என்று ஒன்று கேட்பார்கள். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நன்றிப் பணம், திரும்ப வராது. மோசடி என்று நினைத்துவிடாதீர்கள், ஊர் வழக்கம். 1,50,000 யென் வாடகை வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஷிகிகின்’ என்ற வைப்புத்தொகை ஒரு மாதம், 1,50,000. பழுதும் சுத்தம் செய்த செலவும் போக மீதி திரும்பும். ரெய்கின் இன்னொரு 1,50,000. தரகருக்கு ஒரு மாத வாடகையும் வரியும் சேர்த்து 1,65,000. நீங்கள் வாடகை தவறினால் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதம், 75,000. முதல் மாத வாடகை 1,50,000. தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு என்று ஒரு 40,000. ஆக 7,30,000 யென், ஏறக்குறைய ஐந்து மாத வாடகை, வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன். இரண்டு ஆண்டு கழித்துப் புதுப்பிக்க ஒரு மாத வாடகை கேட்கும் வீடுகளும் நிறைய. விலக்குக்கும் எல்லை உண்டு: தரகுக் கூலியில் உங்கள் பங்கு அரை மாதம் என்பதுதான் விதி, நீங்கள் சம்மதித்தால்தான் ஒரு மாதம். சம்மதக் கையெழுத்தைக் கேட்காமலே நீட்டுவார்கள். ரெய்கினே வேண்டாம் என்றால் ‘யூஆர்’ என்ற அரசுசார் அமைப்பின் வீடுகளைப் பாருங்கள். ரெய்கின், தரகு, உத்தரவாதம், புதுப்பிப்பு எதுவும் இல்லை. இரண்டு மாத வைப்புத்தொகையும் வருமானச் சான்றும் போதும்.

லண்டனில் விதி எளிது. 2019 ஜூன் முதல் இங்கிலாந்தில் தரகர் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டைப் பிடித்து வைக்க அதிகம் போனால் ஒரு வார வாடகை, வைப்புத்தொகை ஐந்து வார வாடகை, அவ்வளவுதான் வாங்கலாம். மாதம் 2,000 பவுண்டு வீட்டுக்கு அது முறையே 461, 2,307 பவுண்டு. வைப்புத்தொகையை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு உங்களுக்குத் தகவல் தர வேண்டும். புதிதாக வருகிறவரிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கத்தையும் 2026 மே 1 முதல் சட்டம் தடுக்கிறது.

மூன்று ஊரிலும் சமமாக எரிச்சலூட்டுவது முகவரிச் சான்று. வங்கிக் கணக்கு தொடங்க முகவரி கேட்பார்கள். வீடு எடுக்க வங்கிக் கணக்கு கேட்பார்கள். வியன்னாவில் குடிபுகுந்து மூன்று நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதில் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். டோக்கியோவில் பல வங்கிகள் வந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு முழுச் சேவை தருவதில்லை. வெளியூர்த் திறமைசாலிகள் வேண்டும் என்று கூவிக்கொண்டே, முதல் வாரத்தில் அவர்களை ஜன்னலுக்கு ஜன்னல் அலைய விடுவதை எந்த நாடும் நிறுத்தப் போவதில்லை. நிறுவனத்தின் கடிதத் தாளில் தற்காலிக முகவரியைப் போட்டு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள். பல இடங்களில் அது எடுபடும்.

முடிவு கேட்டீர்கள். மனைவி உடனே வேலைக்குப் போக வேண்டும் என்றால் லண்டன். இரண்டு ஆண்டு ஜெர்மன் படிக்க அவர் தயார், நீங்கள் நீண்ட காலம் இருப்பீர்கள் என்றால் வியன்னா. மழலையர் பள்ளிக்குக் கட்டணமில்லா இடம் அங்கே கிடைக்கும். டோக்கியோவை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்த 8,538 பவுண்டையும் முதல் மாதத் தங்குமிடத்தையும் நிறுவனம் ஏற்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒருமுறை மனைவியோடு போய், காலை எட்டு மணிக்கு மண்டலம் ஐந்திலிருந்து அலுவலகம் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்து பாருங்கள். முடிந்தால் டிசம்பரில்.