முருங்கையிலையில் பிழையில்லை, கிணற்றைப் பாருங்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் படிக்கும் உயர்தர மாணவி. செயற்றிட்டத்துக்காக, முருங்கையிலை அவித்த சாற்றோடு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சேர்த்து வெள்ளி நனோ துணிக்கை (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய வெள்ளித் துகள்) செய்ய முயன்றோம். மண்ணிறம் வருமென்றார்கள், பால்போலக் கலங்கிவிட்டது. இலையில் பிழையா? மிஞ்சியதை எங்கே ஊற்றலாம்?

பதில்: இலையை விடுங்கள், எந்தத் தண்ணீரைப் பாவித்தீர்கள்? கிணற்றுத் தண்ணீரென்றால் வேறு காரணம் தேடவேண்டாம். எங்கள் கிணறுகளில் சுண்ணாம்போடு, கறியுப்பிலும் இருக்கும் குளோரைட்டும் உண்டு. அது வெள்ளியைப் பிடித்து வெள்ளி குளோரைட்டாகப் படியவைத்துவிடும். ஒரு லீற்றரில் சில மில்லிகிராம் குளோரைட்டே கலங்கலுக்குப் போதும். கொதிக்கவைத்து ஆற்றினோம் என்பீர்கள். கொதித்தால் சுண்ணாம்பு கேத்தலின் அடியில் படியும், குளோரைட்டு அசையாது.

சோதிப்பது சுலபம். சாறு சேர்க்காத தண்ணீரில் வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விடுங்கள். கலங்கினால் தண்ணீர்தான் காரணம். அந்தக் கலங்கலை வெயிலில் வைத்தால் ஊதா கலந்த சாம்பல் நிறமாகும்.

அடுத்த தடவை காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரென்றாலும் அதே இரண்டு துளிச் சோதனையைச் செய்துவிட்டே பாவியுங்கள். இலையைக் கழுவும் கடைசித் தண்ணீரும் வடித்ததாக இருக்கட்டும். வெள்ளி நைத்திரேற்று லீற்றருக்கு 0.17 கிராம் என்ற செறிவு போதும். அதில் 9 மில்லிலீற்றருக்குச் சாறு 1 மில்லிலீற்றர். சாற்றைக் கூட்டாதீர்கள், இலையிலும் கொஞ்சம் குளோரைட்டு உண்டு. மஞ்சள் கலந்த மண்ணிறம் வந்தால் துணிக்கை உருவாகத் தொடங்கிவிட்டது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்ட இடம் கறுத்துவிடும், நாட்கணக்கில் போகாது.

இலைச்சாறு சேர்த்ததாலேயே 'பசுமை' என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். 1998இல் இரசாயனவியலாளர்களான அனஸ்தாசும் வோனரும் வகுத்த 12 பசுமை இரசாயனக் கோட்பாடுகளில் முதலாவதே, கழிவை உண்டாக்காதே என்பதுதான். வெள்ளியைத் துணிக்கையாக்க வழக்கமாகச் சேர்க்கும் இரசாயனமான போரோஐதரைட்டுக்குப் பதில் முருங்கை வந்தது நல்லது, ஆனால் வெள்ளி அதே வெள்ளிதான். நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதனால் போத்தல் கணக்கில் செய்யாமல் 10 மில்லிலீற்றரோடு நிறுத்துங்கள்.

மிஞ்சியதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவே வேண்டாம். எங்கள் நிலத்தடி பொந்தும் வெடிப்புமான சுண்ணக்கல். ஊற்றியது வடிபடாமலே நிலத்தடி நீரில் சேரலாம். கறியுப்புக் கரைசல் விட்டு ஓரிரவு அடையவிடுங்கள். அடைந்ததையும் மேல்தண்ணீரையும் தனித்தனி மண்ணிறப் போத்தல்களில் மூடி, 'வெள்ளிக் கழிவு' என்று எழுதி ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள்.