தகடா, மணியா? உருமாறிய பாறைகள் குறித்த கேள்வி பதில்

ஒரே கேள்வியைச் சிலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தீர்கள், அவற்றைச் சேர்த்துவிட்டேன். எனக்குப் பிடித்த கேள்விகளுக்குப் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

கேள்வி: பாறை உருகி மறுபடி இறுகுவதுதானே உருமாற்றம்?

இல்லை. உருகிவிட்டால் அது தீப்பாறைக் கணக்கில் போய்விடும். உருமாற்றம் நடக்கும்போது கல் கல்லாகவேதான் இருக்கிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூடு கூடும். ஏறக்குறைய 200 டிகிரியைத் தாண்டினால் பழைய கனிமங்களுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. அணுக்கள் மெல்ல இடம் மாறி, அந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற புதுக் கனிமங்கள் வளரும். கனிம மணிகளுக்கிடையே ஊறும் சுடுநீர் இந்த வேலையை வேகப்படுத்தும்.

கேள்வி: அப்படியென்றால் மேலே வந்து ஆறியதும் ஏன் பழையபடி ஆவதில்லை?

சூடேறும்போது வெளியேறிய நீர் திரும்பி வந்தால்தானே? தவிர, சூடு குறையக் குறைய வேதிவினையும் படுத்துவிடும். கொஞ்சம் திரும்பிய கற்களும் உண்டு. கார்னெட் என்ற கருஞ்சிவப்புக் கனிமத்தின் சில மணிகளைச் சுற்றிப் பச்சை நிறத்தில், நீர் சேர்ந்த குளோரைட் என்ற கனிமம் விளிம்பு கட்டியிருப்பது அதனால்தான்.

கேள்வி: ஸ்லேட், ஃபில்லைட், சிஸ்ட், நைஸ் எல்லாமே அடுக்கடுக்காகத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

முதலில் அடுக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். கலைந்து கிடக்கும் சீட்டுகளை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்தினால் எல்லாச் சீட்டும் கைக்கு இணையாகப் படுத்துவிடும். பாறையை ஒரு திசையில் மட்டும் அதிகமாக நெருக்கும்போது மைக்கா என்ற கனிமத்தின் மெல்லிய தகடுகளும் அப்படித்தான் படுக்கின்றன. புதிதாக வளர்பவையும் அந்தப் போக்கிலேயே வளரும்.

நீங்கள் கேட்ட நான்கும் களிமண் இறுகிய ஒரே களிப்பாறை படிப்படியாக உருமாறிய நான்கு கட்டங்களாக இருக்கலாம். ஸ்லேட்டில் மணி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தட்டையாகப் பிளக்கும், சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். களிப்பாறை மொத்தென்றுதான் கேட்கும். ஃபில்லைட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பட்டுத்துணி போல ஒரு மினுமினுப்பு ஓடும். சிஸ்ட்டில் மைக்கா வெறும் கண்ணுக்கே தெரியும். தடவினால் விரலில் ஜிகினா மாதிரி ஒட்டும். அதன் நடுவே கார்னெட் துருத்திக்கொண்டிருந்தால், ஓடையில் கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல மைக்கா அதைச் சுற்றி வளைந்து போவதைப் பார்க்கலாம். நைஸில் வெளிர் கனிமங்களும் கரிய கனிமங்களும் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்திருக்கும்.

எல்லைகள் கறாரானவை அல்ல. சில துண்டுகளை ஃபில்லைட் என்பதா சிஸ்ட் என்பதா என்று அனுபவசாலிகளே சண்டை போடுவார்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள கல்லில் ஒரு பக்கம் பட்டை தெரிகிறது, இன்னொரு பக்கம் வெறும் புள்ளிகள்தான். கிரானைட்டா, நைஸா?

நைஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பட்டைக்கு இணையான முகத்தைப் பார்த்தால் கோடே தெரியாது. அடுக்குக் கேக்கை மேலிருந்து பார்ப்பது போலத்தான். அதனால் எந்தக் கல்லையும் குறைந்தது மூன்று பக்கம் திருப்பிப் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள். கிரானைட்டில் கரிய மணிகள் பொதுவாக எந்தப் பக்கம் திருப்பினாலும் தாறுமாறாகவே கிடக்கும்.

கேள்வி: வெள்ளைக் கல், அடுக்கே இல்லை. பளிங்கா, குவார்ட்சைட்டா?

கத்தி முனையால் கீறுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில், பளிங்கில் உள்ள கால்சைட் 3, சட்டென்று கீறல் விழும். குவார்ட்சைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7, கத்திதான் மழுங்கும். கீறிய பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் பளிங்கு நுரைக்கும். டோலமைட் என்ற கனிமத்தால் ஆன பளிங்கு சோம்பேறி, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் குமிழி தெரியும்.

குவார்ட்சைட்டை மணற்பாறையோடு குழப்பிக்கொள்பவர்களுக்கு: உடைந்த முகத்தைப் பாருங்கள். மணற்பாறை பெரும்பாலும் மணிகளைச் சுற்றி உடையும், முகம் சொரசொரவென்று இருக்கும். குவார்ட்சைட்டில் மணிகள் ஒன்றோடொன்று பின்னிவிட்டதால் விரிசல் அவற்றை ஊடறுத்தே போகும்.

கேள்வி: எவ்வளவு சூடு பட்டது என்று கல்லைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நிலவியலாளர் ஜார்ஜ் பாரோ 1893-இல் இதைக் காட்டினார். ஒரு பக்கமாக நடந்தால் களிப்பாறையிலிருந்து வந்த கற்களில் பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று வரிசையாகப் புதுக் கனிமங்கள் தலைகாட்டுகின்றன. அந்த வரிசையில் சூடும் ஏறுகிறது. கயனைட்டைக் கண்டுபிடிப்பது எளிது: நீலச் சட்டம் போன்ற படிகம், நீளவாக்கில் கத்தியால் கீறலாம், குறுக்கே முடியாது.

கேள்வி: உருமாறிய பாறையில் புதைபடிவம் கிடைக்குமா?

ஸ்லேட்டில் கிடைக்கலாம். ஆனால் ட்ரைலோபைட் (பழங்காலக் கடலில் வாழ்ந்து அழிந்த உயிரி) ஒரு பக்கம் இழுபட்டுக் கோணலாக இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபக்கமும் ஒத்திருந்த உயிரி அது என்பது தெரியும் என்பதால், எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்தே அந்தப் பாறை எந்தத் திசையில் எவ்வளவு நசுங்கியது என்று கணக்குப் போடுகிறார்கள்.